நாசூக்கான பொட்டலம்

இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில்: மனிதகுலம் இதுவரை கட்டிய பொட்டலங்களிலேயே தலைசிறந்த பொட்டலம், கால்வாய்க் கண்காணிப்புக் கழகத்தின் கணிப்பொறிப் பிரிவில், ஜன்னலைத் திறந்தால் அடுத்த கட்டடத்துச் சுவர் மட்டும் தெரிகிற ஓர் அறையில் கட்டப்பட்டது. கண் மூடித் திறப்பதற்குள் எந்தக் கணிப்பொறியிலும் ஏறி உட்கார்ந்துகொள்ளும். ஒருமுறைகூட நின்றுபோனதில்லை. சிவப்பு எழுத்தில் ஒரு கடுஞ்சொல் பேசியதில்லை. கேட்டவர் மனம் கோணாமல் பதில் சொல்லும். இத்தனை நற்குணமும் சேர்ந்த மருமகன் கிடைப்பதே குதிரைக்கொம்பாக இருக்கும் காலத்தில், ஒரு மென்பொருளுக்கு அது வாய்த்துவிட்டது.

இந்தச் சாதனையைச் செய்தவரைக் கழகத்தில் எல்லோரும் ‘துபாஷி’ என்றே கூப்பிட்டார்கள். ஒருவர் பேசுவது மற்றவருக்குப் புரியாத இடத்தில், நடுவே நின்று இரண்டு பக்கமும் தலையாட்டுகிறவன் துபாஷி. இவர் மனிதர்களுக்கு நடுவே நிற்கவில்லை. கணிப்பொறி மொழிகளுக்கு நடுவே நின்றார். தலையாட்டுவது மட்டும் அதேதான்.

கழகத்திடம் ஒரு பழைய லைப்ரரி இருந்தது. புத்தகம் அடுக்கும் லைப்ரரி அல்ல, கணக்குப் போடும் லைப்ரரி. மழை எவ்வளவு, கால்வாயில் தண்ணீர் எவ்வளவு என்று இரண்டையும் கொடுத்தால், கரை மீற இன்னும் எத்தனை மணி நேரம் ஆகும் என்று சொல்லிவிடும். எழுதிய பொறியாளர் விலாசம்கூடக் கொடுக்காமல் வேலையை விட்டுப் போய்விட்டார். எழுதியதும் சி மொழியில். அந்தப் பெயரைக் கேட்டாலே பிரிவில் பலர் வாய்க்குள் ஈ போனதுபோல முகத்தை வைத்துக்கொள்வார்கள். கறுப்புத் திரையில் இரண்டு எண்களை அடித்தால் ஓர் எண்ணைத் துப்பும். வணக்கம் கிடையாது, படம் கிடையாது, நன்றி கிடையாது. அதனிடம் இருந்த ஒரே தகுதி, அது சொன்னது சரியாக இருந்தது. ஓர் அலுவலகத்தில் அந்த ஒரு தகுதியை மட்டும் வைத்துக்கொண்டு எவ்வளவு காலம்தான் பிழைக்க முடியும்?

துபாஷியின் அக்கா வீடு கால்வாய்க்குக் கீழே, சரிவின் கடைசித் தெருவில் இருந்தது. அத்தான் அதே கால்வாயில் மதகுக்காரர். அக்கா வீட்டிலேயே துணி தைத்தாள். வானம் இருட்டினால் போதும், தம்பிக்கு போன் வந்துவிடும்.

“டேய், கட்டிலை ஏத்தவா வேண்டாமா?”

கட்டில் என்பது சுருக்கம். கட்டில், ஃப்ரிட்ஜ், தையல் மெஷின், ஊரார் தைக்கக் கொடுத்த துணி மூட்டை எல்லாம் அதில் அடக்கம். துபாஷி கறுப்புத் திரையில் இரண்டு எண்களைத் தட்டுவார். “ஏத்து” என்பார். அல்லது “படுத்துத் தூங்கு” என்பார். அந்தக் குடும்பம் பல மழைக்காலங்களை இந்த இரண்டு சொற்களில் தாண்டியிருந்தது.

இப்படி ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த ஒன்றைக் கழகம் எப்படிப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கும்?

பிரிவுத் தலைவர் ஒரு கருத்தரங்குக்குப் போய்விட்டு, கழுத்தில் மாட்டிய அட்டையைக் கழற்றாமலே கூட்டம் போட்டார்.

“உலகமே இப்ப ஸ்கிரிப்ட் மொழியில பேசுது. நாம மட்டும் இன்னும் கறுப்புத் திரையை வெச்சுக்கிட்டு அழறோம். இனிமே ஒரே வரி. ‘வெள்ளம் எப்போ?’ன்னு கேட்டா பதில் வந்துடணும். குழந்தைகூடக் கேக்கலாம்.”

“குழந்தை எதுக்கு சார் கேக்குது?” என்றார் துபாஷி.

“அதான் வளர்ச்சி.”

ஆக, சி லைப்ரரிக்கும் ஸ்கிரிப்ட் மொழிக்கும் நடுவே ஒரு ‘பைண்டிங்’ எழுதுவது என்று முடிவாயிற்று. ஸ்கிரிப்ட் கேட்பதைச் சி மொழிக்குச் சொல்லி, சி சொல்வதை ஸ்கிரிப்டுக்குச் சொல்லும் இணைப்பு. எழுதத் துபாஷிக்கு அதிக நேரம் பிடிக்கவில்லை. அதை விளக்கத்தான் பிடித்தது.

“ஒரு விஷயம் மட்டும் தீர்மானிக்கணும் சார். லைப்ரரி நினைவகத்துல கொஞ்சம் இடம் எடுத்து விடையை அதுல வெச்சுக் கொடுக்கும். வேலை முடிஞ்சதும் அந்த இடத்தை யார் திருப்பி விடுறது?”

“புரியற மாதிரி சொல்லுங்க.”

“லைப்ரரி பரிமாறுது. ஸ்கிரிப்ட் சாப்பிடுது. தட்டை யாராவது ஒருத்தர் கழுவணும். யாருமே கழுவலைன்னா வீட்ல தட்டு தீந்துடும். ரெண்டு பேரும் மாத்தி மாத்திக் கழுவினா தட்டே உடைஞ்சிடும்.”

“எங்க வீட்ல அந்த ரெண்டாவது பிரச்சினை வந்ததே இல்ல,” என்றார் பயனர் மகிழ்ச்சி அதிகாரி. அந்த அம்மையாரின் பெருமூச்சு கூட்டக் குறிப்பில் ஏறவில்லை.

தட்டைக் கழுவும் பொறுப்பு பைண்டிங்குக்குக் கொடுக்கப்பட்டது. துபாஷியின் கணிப்பொறியில் எல்லாம் கச்சிதமாக ஓடியது. இனி எல்லாக் கணிப்பொறிகளுக்கும் அனுப்ப, ‘பேக்கேஜ்’ என்கிற பொட்டலம் கட்ட வேண்டியதுதான் பாக்கி. எழுதுவது சமையல் என்றால் பொட்டலம் கட்டுவது கல்யாணம்; இதுவரை சம்பந்தப்படாத எல்லோரும் வந்து முன்வரிசையில் உட்காருவார்கள். அப்படி வந்து உட்கார்ந்தவர் பாதுகாப்பு அதிகாரி.

“உள்ள என்னென்ன வைக்கப் போறீங்க?”

“என் பைண்டிங். கூடவே சி லைப்ரரி. ஒவ்வொரு மெஷினுக்கும் ஏத்த மாதிரி இங்கேயே மெஷின் பாஷைக்கு மாத்தி, கம்பைல் பண்ணி வெச்சிடுவேன் சார்.”

“கம்பைல் பண்ணதை மனுஷன் படிக்க முடியுமா?”

“முடியாது. மெஷின்தான் படிக்கும்.”

“அப்ப உள்ள என்ன இருக்குன்னு யாருக்குத் தெரியும்? ஆபத்து. அனுமதி இல்ல.”

“சரி சார். சி மொழியில எழுதின மூலத்தையே அனுப்பிடறேன். அந்தந்த மெஷின்ல கம்பைல் பண்ணிக்கட்டும்.”

“மூலத்தை மனுஷன் படிக்க முடியுமா?”

“தாராளமா.”

“யார் வேணும்னாலும்?”

“யார் வேணும்னாலும்.”

“அப்ப உள்ள என்ன இருக்குன்னு எல்லாருக்கும் தெரிஞ்சிடும். ஆபத்து. அனுமதி இல்ல.”

துபாஷி மேசையில் இருந்த தண்ணீர் பாட்டிலைத் திறந்து ஒரு மடக்குக் குடித்தார்.

“அப்ப பேக்கேஜுக்குள்ள என்னதான் சார் வைக்கிறது?”

“நீங்க எழுதினது இருக்கே, பைண்டிங், அதை வைங்க. அதுல எனக்கு ஆட்சேபணையே இல்ல.”

“அது வாசல்ல நின்னு கூப்பிடுற குரல் மட்டும்தான் சார். வீட்டுக்குள்ள ஆள் வேணாமா?”

“ஆள் இருந்தாத்தான் பாதுகாப்புப் பிரச்சினை,” என்றார் பாதுகாப்பு அதிகாரி. அனுபவம் பேசியது.

பொட்டலம் அப்படியே கட்டப்பட்டது. சோதனைக்கு ஒரு கணிப்பொறியில் நிறுவினார்கள். நிறுவிய வேகத்தைப் பார்த்துத் தலைவர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார்.

“என்னய்யா இது, மின்னல் மாதிரி ஏறுது!”

“கனம் இல்லாததெல்லாம் வேகமாத்தான் சார் போகும்.”

பிறகு ‘வெள்ளம் எப்போ?’ என்று கேட்டார்கள். திரை முழுக்கச் சிவப்பு எழுத்து கொட்டியது. லைப்ரரி கிடைக்கவில்லை என்பதைக் கணிப்பொறி தனக்குத் தெரிந்த முரட்டு பாஷையில் சொன்னது. பயனர் மகிழ்ச்சி அதிகாரி கண்ணை மூடிக்கொண்டார்.

“இப்படியா மூஞ்சில அடிச்ச மாதிரி சொல்றது? பாக்கறவங்க மனசு என்ன பாடுபடும்? மென்பொருள்னா நாசூக்கா நடந்துக்கணும்.”

“லைப்ரரி இல்லன்னா இல்லன்னுதானே மேடம் சொல்ல முடியும்?”

“நம்ம வீட்டுக்கு விருந்தாளி வராங்க. சாப்பாடு இல்ல. ‘இல்ல’ன்னா சொல்வீங்க? சாப்பிட்டுட்டு வந்திருப்பீங்களேன்னு சொல்ல மாட்டீங்க?”

தலைவர் மேசையைத் தட்டினார். “கரெக்ட். லைப்ரரி கிடைக்கலன்னா ஒரு நல்ல எண்ணைச் சொல்லிடட்டும். மனசுக்கு இதமா இருக்கற எண்.”

எந்த எண் இதமானது என்பதைப் பற்றி அந்த அறையில் நடந்த விவாதம் அறிவுலகம் பொறாமைப்படத்தக்கது. பூஜ்யம் என்றால் கரை இப்போதே மீறுகிறது என்று ஆகிவிடும், கலவரம். ஆறு மணி நேரத்துக்குக் கீழே போனால் மதகைத் திறக்க வேண்டும் என்பது விதி, வேலை வந்துவிடும். இருபத்திநாலு என்று பாதுகாப்பு அதிகாரி முன்மொழிந்தார். “ஒரு நாள்னா ராத்திரி தூக்கம் வராது” என்று மகிழ்ச்சி அதிகாரி மறுத்தார். ஒரு மாதம் என்றால் யாரும் நம்பமாட்டார்கள். கடைசியில் எழுபத்திரண்டு என்று தலைவர் தீர்ப்புச் சொன்னார்.

“மூணு நாள். பயமும் இருக்காது, அலட்சியமும் இருக்காது. மூணு நாள்ல யாராவது ஏதாவது செஞ்சிருப்பாங்க.”

துபாஷி ஒரே ஒரு காரியம் செய்தார். எழுபத்திரண்டுக்குக் கீழே சின்ன எழுத்தில், ‘இது கணக்கிட்ட விடை அல்ல’ என்று ஒரு வரி சேர்த்தார். “இது எதுக்கு ஊருக்கெல்லாம் சந்தேகத்தைக் கிளப்புறீங்க?” என்று மகிழ்ச்சி அதிகாரி அதை எடுத்துவிட்டார். துபாஷி திரும்பச் சேர்க்கவில்லை. அவருக்குத் ‘தலைமைத் துபாஷி’ பதவியும், மரம் தெரிகிற ஜன்னலும் வரப் போவதாகக் காற்றுவாக்கில் செய்தி வந்திருந்தது. அதோடு அவர் மனத்தில் வேறொரு கணக்கும் ஓடியது. அசல் லைப்ரரி அவருடைய கணிப்பொறியில் பத்திரமாக இருந்தது. ஊர் எதையாவது கேட்டுக்கொண்டு போகட்டும். அக்காவுக்குச் சரியான பதிலைத் தாமே சொல்லிவிடலாம். நல்ல குடும்பஸ்தர்.

மற்ற வேலைகள் விறுவிறுவென்று முடிந்தன. முதல் பதிப்பு என்றால் எவனும் மதிக்கமாட்டான் என்று நாலாவது பதிப்பிலிருந்து ஆரம்பித்தார்கள். தரச் சோதனை நடந்தது: எழுபத்திரண்டு வர வேண்டிய இடத்தில் எழுபத்திரண்டு வருகிறதா? வந்தது. எல்லா மதகுகளின் கணிப்பொறிகளிலும் பொட்டலம் ஏறியது. அங்கிருந்த கறுப்புத் திரையும் பழைய லைப்ரரியும் ‘காலாவதி’ என்று துடைக்கப்பட்டன. மதகுப் பூட்டையும் பொட்டலத்தோடு இணைத்தார்கள். விடை ஆறுக்குக் கீழே வந்தால்தான் பூட்டு திறக்கும். மனிதத் தவறுக்கு இனி இடமே இல்லை.

அக்கா தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். “என் தம்பி செஞ்சதாக்கும். நாலாவது பதிப்பு!” தைக்க வந்தவர்களிடம் அளவு எடுப்பதற்கு முன்னால் தம்பியைப் பற்றித்தான் பேச்சு.

பிறகு மழை வந்தது. அது கருத்தரங்குக்குப் போகாத மழை. காலையில் பிடித்தது, மதியம்வரை மூச்சு விடவில்லை.

துபாஷி தம் கணிப்பொறியில் கேட்டார். இரண்டு மணி நேரம் என்றது. நம்பாமல் மறுபடி கேட்டார். இரண்டுக்கும் குறைவு என்றது. தலைவர் அறைக்கு ஓடினார். ஓட்டத்தில் செருப்பு ஒன்று வழியிலேயே நின்றுவிட்டது.

“சார், ரெண்டு மணி நேரத்துல கரை மீறிடும்! மதகைத் திறக்கச் சொல்லுங்க!”

தலைவர் தம் திரையைத் திருப்பிக் காட்டினார். “எழுபத்திரண்டு.”

“அது நாம வெச்ச எண் சார்!”

“நாம வெச்சதா இருந்தா தப்பா இருக்குமா?” தலைவர் போனை எடுத்து ஒவ்வொரு மதகாகக் கேட்டார். எழுபத்திரண்டு. எழுபத்திரண்டு. எழுபத்திரண்டு. கழகத்தின் வரலாற்றில் எல்லா மதகுகளும் ஒரே குரலில் பேசியது அன்றுதான். தலைவருக்குக் கண் கலங்கியது.

“இத்தனை மெஷின் ஒண்ணு சொல்லுது. உங்க ஒரு மெஷின் மட்டும் வேற சொல்லுது. அப்ப எது கெட்டுப்போயிருக்கு?”

“என்னுதுலதான் சார் லைப்ரரி இருக்கு!”

“பாத்தீங்களா, நீங்களே சொல்லிட்டீங்க. அதான் கோளாறு.”

சத்தம் கேட்டு வந்த பாதுகாப்பு அதிகாரி, அனுமதி இல்லாத பொருள் ஒன்று அலுவலகக் கணிப்பொறியில் குடியிருந்ததைக் கண்டு அதிர்ச்சி அடைந்தார். துபாஷியின் கணிப்பொறி உடனடியாகப் பழுதுபார்க்கப்பட வேண்டும் என்று அந்த இடத்திலேயே ஆணை பிறந்தது. கடவுச்சொல் துபாஷிக்கு மட்டும் தெரியும் என்பதால் அவரே உட்கார்ந்தார். தலைவர் இடது தோளுக்குப் பின்னால், அதிகாரி வலது தோளுக்குப் பின்னால். மரம் தெரிகிற ஜன்னல் மனக்கண்ணுக்கு நேர் எதிரே. லைப்ரரியை நீக்கினார். பொட்டலத்தை நிறுவினார். கண் மூடித் திறப்பதற்குள் ஏறியது.

‘வெள்ளம் எப்போ?’

எழுபத்திரண்டு.

“இப்ப சரியா இருக்கு,” என்றார் தலைவர்.

அப்போதுதான் அக்காவின் போன் வந்தது.

“டேய், கட்டிலை ஏத்தவா வேண்டாமா?”

இரண்டு பேரும் தோளுக்குப் பின்னால் இன்னும் நின்றிருந்தார்கள். துபாஷி குரலைத் தாழ்த்தினார்.

“ஏத்துக்கா.”

“உங்க அத்தான் இப்பதான் கேட்டுச் சொன்னாரு, உன் பேக்கேஜ் மூணு நாள் இருக்குங்குதாம்?”

“இருந்தாலும் ஏத்தி வெய்யேன்.”

“உன்னை நம்பவா, நீ செஞ்சதை நம்பவா? தெருவுக்கே சொல்லி வெச்சிருக்கேன்டா. எல்லாரும் என் வீட்டைத்தான் பாக்குறாங்க. நானே கட்டிலைத் தூக்கினா உனக்குல்ல அசிங்கம்?”

“சும்மா ஒரு ஜாக்கிரதைக்கு…”

“ஜாக்கிரதைக்கெல்லாம் ஃப்ரிட்ஜைத் தூக்க முடியாது. என் இடுப்பு என்ன இரும்பா? கோளாறுன்னா கோளாறுன்னு சொல்லு, தூக்கறேன். சொல்லு, உன் பேக்கேஜ் கோளாறா?”

தலைவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அதிகாரி தொண்டையைச் செருமினார். துபாஷி இரண்டு பக்கமும் பார்த்தார். காலமெல்லாம் பழகிய வேலை. தலை தானாகவே ஆடியது.

“கோளாறெல்லாம் ஒண்ணும் இல்லக்கா.”

“அப்ப சரி. துணி காயல, நான் வெக்கறேன்.”

சற்று நேரத்தில் அத்தான் கூப்பிட்டார். காற்றும் தண்ணீரும் சேர்ந்து இரைந்தன.

“மச்சான், முட்டி வரைக்கும் தண்ணி நிக்குது! உன் டப்பா இன்னும் எழுபத்திரண்டுங்குது. பூட்டு அசைய மாட்டேங்குது. என்ன பண்ணட்டும்?”

துபாஷி தலைவரைப் பார்த்தார். தலைவர், “இன்னொரு தரம் கேக்கச் சொல்லுங்க” என்றார்.

“இன்னொரு தரம் கேளுங்க அத்தான்.”

“கேட்டேன்டா! இப்ப தண்ணி இடுப்புல. அது மூணு நாள் இருக்குங்குது. தண்ணிகிட்ட நீ வந்து சொல்றியா?”

போனை வைத்துவிட்டு அத்தான் கடப்பாரையை எடுத்தார். பூட்டை உடைத்து, சக்கரத்தைக் கையால் சுற்றி மதகைத் திறந்தார். அதற்குள் கரை வழிந்து கடைசித் தெரு ஏரியாகிவிட்டது. அக்காவைப் பக்கத்து வீட்டார் மாடிக்கு இழுத்துக்கொண்டார்கள். கையில் கத்தரிக்கோல் மட்டும் இருந்தது. தையல் மெஷினும் ஊரார் துணிகளும் அடியில் போயின. தெருவில் எவர் வீட்டிலும் ஒரு கட்டிலும் ஏறியிருக்கவில்லை. எல்லோரும் அவளுடைய வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள் அல்லவா?

பொட்டலம் அன்று படைத்த சாதனையை இங்கே குறிப்பிடாவிட்டால் நன்றி மறந்தவர்கள் ஆவோம். அதுவரை இல்லாத அளவுக்கு அன்று அதைக் கேள்வி கேட்டார்கள். அத்தனை கேள்விக்கும், கணிப்பொறி தண்ணீரில் மூழ்கும் நொடிவரை, தடுமாறாமல் ஒரே பதிலைச் சொன்னது. அரசாங்கச் சொத்தான பூட்டை உடைத்ததற்காக அத்தானுக்குத் தற்காலிகப் பணிநீக்கம். துபாஷிக்கு ஜன்னல்.

விசாரணை நடத்த வெளியிலிருந்து ஓர் அதிகாரி அம்மையார் வந்தார். பாதிக்கப்பட்டவர்களைப் பின்வரிசையில் உட்கார வைத்தார்கள். அக்கா அங்கே, இரவல் புடவையில், மடியில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தலைவர் எழுந்து, பொட்டலம் ஒரு நொடிகூட நிற்கவில்லை, சிவப்பு எழுத்து ஒன்றுகூட வரவில்லை, எல்லாக் கணிப்பொறிகளும் ஒற்றுமையாக நடந்துகொண்டன என்று வாசித்தார். சிலர் கைதட்டினார்கள். பின்வரிசை தட்டவில்லை.

விசாரணை அம்மையார் தாளைப் புரட்டினார்.

“எல்லா மெஷினும் தப்பாத்தான் சொல்லியிருக்கு. கழகத்துல ஒரு மெஷின்கூடவா அன்னிக்குச் சரியா சொல்லல?”

தலைவர் துபாஷியைப் பார்த்தார். துபாஷி எழுந்து நின்றார்.

“ஒண்ணு சொல்லிச்சு மேடம்,” என்றார். “நான்தான் அதை ரிப்பேர் பண்ணினேன்.”